டர்ன்டேபிள்: கொடுக்கும் காசு ஒலிக்கா, ஞாபகத்துக்கா?

மாடிவீடு (திருச்சி)

வணக்கம். வீடு மாற்றும்போது பரணிலிருந்து அப்பாவின் ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா ரெக்கார்டு பிளேயர் பெட்டி இறங்கியது. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள். எழுபதுகளின் சினிமா இ.பி.க்கள் (சின்னத் தட்டுகள்) அதிகம், கொஞ்சம் எல்.பி. (பெரிய தட்டுகள்), அடியில் தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள். அப்பா இப்போது இல்லை. பெட்டி மறுபடி பாட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

எனக்கு மூன்று வழி தெரிகிறது. பெட்டியையே சரி செய்வது ஒன்று. மெக்கானிக் பார்த்துவிட்டு, "மோட்டார் சுத்துது, ஊசி கிடைச்சா போதும்" என்கிறார். இரண்டாவது, தெரிந்தவர் ஒருவரிடம் கேரார்டு 301 என்ற பழைய டர்ன்டேபிள் இருக்கிறது. பழைய மாருதி காரின் விலை சொல்கிறார், இதன் மதிப்பு இறங்கவே இறங்காது என்றும் சொல்கிறார். மூன்றாவது, புதிதாக ஏதாவது வாங்குவது. இதற்கிடையில் என் தம்பி, "இதுல பாதிப் பாட்டு போன்லயே இருக்கே, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

கணக்குப்பிள்ளை (சென்னை)

தம்பி கேட்டதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

ஒலித் தரத்தை வைத்துப் பேசினால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். சி.டி.யின் 16 பிட் பதிவில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வரை இடம் இருக்கிறது. நல்ல எல்.பி. 70ஐத் தொட்டாலே பெரிய விஷயம். தூசிச் சத்தம், ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் கூடும் சிதைவு எல்லாம் இலவச இணைப்பு.

விற்பனை ஏறுகிறதே என்பார்கள். ஏறத்தான் செய்கிறது. அமெரிக்காவில் 2020இல் வினைல் தட்டுகளின் வருமானம் சி.டி. வருமானத்தைத் தாண்டியது, 1986க்குப் பிறகு முதல் முறையாக. 2022இல் எண்ணிக்கையிலும் தாண்டியது. ஆனால் வாங்குகிறவர்களில் பிளேயரே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அட்டைப் படத்துக்காக வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். அது அவர்கள் இஷ்டம். அதை ஒலிக்குக் கிடைத்த சான்றிதழாகக் காட்டாதீர்கள்.

அம்மா கேட்கிறார் என்றால் பெட்டியைச் சரி செய்து கொடுங்கள். கேரார்டு பக்கம் போகாதீர்கள். அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும்.

ஊசிமுனை (கோயம்புத்தூர்)

கணக்குப்பிள்ளை சொன்ன டெசிபல் கணக்கு சரி, கடைசியில் கொடுத்த யோசனைதான் ஆபத்து. பெட்டியைச் சரி செய்து அதில் நல்ல தட்டுகளை ஓட்டாதீர்கள்.

காரணம் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம். அந்தக் காலத்துப் பெட்டிப் பிளேயர்களில் இருந்தது செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். ஊசி அசையும்போது உள்ளே இருக்கும் சிறு துண்டு வளைந்து மின்சாரம் தரும். வோல்டேஜ் நிறைய வருவதால் ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இல்லாமலே சின்ன ஆம்ப்ளிஃபயரை ஓட்டிவிடலாம், அதனால்தான் விலை குறைத்து விற்க முடிந்தது. ஆனால் அந்தத் துண்டை வளைக்க ஊசி விறைப்பாக இருக்க வேண்டும், விறைப்பான ஊசி பள்ளத்திலிருந்து துள்ளாமல் இருக்க மேலே கனம் வேண்டும். 5 கிராம் சர்வசாதாரணம். இன்றைய காந்த வகைக் கார்ட்ரிட்ஜுகள் 2 கிராமிலேயே வேலை செய்கின்றன. தேய்ந்த ஊசியோடு 5 கிராம் என்பது வாழையிலையில் உளியால் கோலம் போடுவது போல. கடையில் இன்று விற்கும் சூட்கேஸ் மாடல்களிலும் பலவற்றின் உள்ளே இருப்பது இதே செராமிக் சமாசாரம்தான். புதுப் பெயின்ட், அவ்வளவே.

ஞாபகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஞாபகம் முழுக்கத் தட்டில் இருக்கிறது. பிளேயர் அதைப் படிக்கும் கருவி. படிக்கிற கருவியே எழுத்தை அழித்தால் அடுத்த வருடம் எதைக் கேட்பீர்கள்?

செலவு செய்ய வேண்டிய வரிசையும் இதிலிருந்தே வரும். முதலில் ஊசியும் கார்ட்ரிட்ஜும். அடுத்து அதைச் சரியாகப் பிடிக்கும் கை, அதாவது டோன்ஆர்ம். அப்புறம் வேகம் மாறாமல் சுற்றும் மோட்டார். மரப்பெட்டி, தேக்கு, பித்தளை எல்லாம் அதற்கும் பின்னால். பழைய மார்க்கெட்டில் விலை சொல்வது இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துத்தான்.

கேரார்டு 301 பற்றி ஒரு தகவல். 1954இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் தயாரானது, ஒலிபரப்பு நிலையங்கள் நம்பி வாங்கிய சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் அது வெறும் மோட்டாரும் தட்டு மேடையும்தான். டோன்ஆர்ம் கிடையாது, கீழே வைக்கும் பிளின்த்தும் கிடையாது. இரண்டையும் தனியாகத் தேட வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் தேடும் எஸ்.எம்.இ. ஆர்ம்களைத் தனியாக விற்பதை அந்த நிறுவனம் 2019 கடைசியில் நிறுத்திவிட்டது. பழசின் விலை அதன்பின் எகிறியது. ஆக உங்கள் நண்பர் சொல்லும் மாருதிக்கு இன்னும் சக்கரம் மாட்டவில்லை.

சுழல்மேடை (பெங்களூரு)

ஊசிமுனை அண்ணா, நான் கேரார்டு 401 வைத்திருப்பவன், 1965 மாடல் வரிசை. நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

என்னுடையதில் என்ன கெட்டாலும் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். மோட்டாரின் சுற்றைத் தட்டு மேடைக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் இறுகியது, புதிதாக வார்த்து வாங்கினேன். புல்லி உங்கள் ஊர் கணபதியில் கடைந்து வாங்கியதுதான். மோட்டாரே தட்டு மேடையை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மெஷினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐ.சி. போனால் என்ன செய்வீர்கள்? அதைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், இன்னொரு செத்த மெஷினிலிருந்து பிடுங்க வேண்டும். அறுபது வருடம் ஆன இரும்பு இன்றும் பழுது பார்க்கக் கூடியதாக இருக்கிறதே, அதுவும் மதிப்பில் சேராதா? இதில் ஏக்கம் எங்கே வருகிறது?

ஊசிமுனை (கோயம்புத்தூர்)

சேரும் தம்பி. ஆனால் 301இலேயே ஆரம்ப கால கிரீஸ் பேரிங் மாடலுக்கு ஒரு விலை, பின்னால் வந்த ஆயில் பேரிங்குக்கு ஒரு விலை என்று சந்தை வைத்திருக்கிறதே, அது பழுது பார்க்கும் வசதிக்கான விலையா? எது அபூர்வம் என்பதற்கான விலை. தபால்தலைக் கணக்கு. தெரிந்து கொடுத்தால் தப்பில்லை, ஒலிக்காகக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

டைரக்ட் டிரைவ் பற்றிய பயம் கொஞ்சம் அதிகம். டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 1972இல் வந்தது, டி.ஜே.க்கள் விரும்பிய எம்.கே.2 1979இல். 2010இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரவு முழுக்கக் கிளப்பில் முன்னும் பின்னும் தேய்க்கப்பட்ட மெஷின்கள் இன்றும் ஓடுகின்றன.

ரேடியோசெட் (உசிலம்பட்டி)

நான் இந்தத் தொழிலில் இருந்தவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரும் அஹுஜா ஆம்ப்ளிஃபயரும் கேரார்டு சேஞ்சரும் மாட்டு வண்டியில் ஏற்றிப் போவோம். நீங்கள் பேசுகிற 2 கிராம் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. பந்தலில் பிள்ளைகள் குதித்தால் ஊசி தாவும். தாவினால் ஆர்ம் தலையில் நாலணாக் காசு வைப்போம், அதுக்கும் தாவினால் எட்டணா. ஒரு சீசனில் தட்டு வெளுத்துவிடும். எங்கள் கையில் இருந்து போன தட்டுகளைத்தான் இன்று "ஒரிஜினல் பிரஸ்ஸிங், கிடைக்காத சரக்கு" என்று போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் அது எங்கள் ஆள் ஓட்டியது.

கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேட்டர். அது திணறினால் மோட்டாரும் கூடவே இழுக்கும், டூயட் பாட்டு ஒப்பாரி ஆகும். மாப்பிள்ளை வீட்டார் எங்களைத்தான் திட்டுவார்கள்.

கேசட் வந்ததும் சந்தோஷமாக விட்டோம். பாரம் குறைந்தது, தாவல் இல்லை. தட்டுகளைக் காயலான் கடைக்கு எடைக்குத்தான் போட்டோம். யாரும் கண்ணீர் விடவில்லை. அதனால் "அந்தக் காலத்து ஒலி" என்று யாராவது உருகினால் எனக்குச் சிரிப்புதான். ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, உங்கள் அம்மா கேட்பது அந்தக் காலத்து ஒலியையா, அந்தப் பெட்டியையா? அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஸ்கார்பரோ_செவி (டொராண்டோ)

நல்ல இழை. வெளிநாட்டிலிருந்து பிளேயர் கொண்டுவரச் சொல்லும் எண்ணம் இருந்தால் ஒரு விசயம் கவனியுங்கோ.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற மச்சானுக்கு இங்கே வாங்கின பழைய ஜெர்மன் டூவல் பிளேயர் ஒன்றை அனுப்பினேன். 120 வோல்ட் மெஷின் என்று தெரிந்து டிரான்ஸ்போர்மரும் சேர்த்துத்தான் அனுப்பினது. அங்கே போட்டால் பாட்டு நித்திரையில் பாடுற மாதிரி. வோல்டேஜ் மாறினால் டிரான்ஸ்போர்மர் போதும், மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் மாறினால் அது உதவாது. கனடா, அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இலங்கையிலும் இந்தியாவிலும் 50. மெயின்ஸ் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுகிற ஏ.சி. மோட்டார் என்றால் 33⅓ சுற்று ஓட வேண்டியது 28ஐக் கூடத் தொடாது. டூவலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியாகக் கிடைக்கும், மாற்றினோம், சரி வந்தது. ஜப்பானில் இருந்து வாங்குகிறவர்களும் பாருங்கோ. கிழக்கு ஜப்பான் 50, மேற்கு 60. அங்கே 100 வோல்ட் வேறு. குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கும் டி.சி. மோட்டார் பெல்ட் டிரைவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை, வோல்டேஜை மட்டும் பார்த்தால் சரி.

தாளக்கட்டு (மயிலாப்பூர்)

ஸ்கார்பரோ தம்பி சொன்ன கணக்கைச் சுருதியில் சொன்னால் இன்னும் உறைக்கும். 60க்குச் செய்தது 50இல் ஓடினால் சுமார் மூன்று அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டையில் பாடுவார். காலப்பிரமாணமும் படுத்துவிடும்.

இங்கே எல்லோரும் பிளேயரின் மதிப்பைப் பேசுகிறீர்கள். நான் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும் தாத்தா காலத்துத் தட்டுகளைப் பற்றிக் கேட்கிறேன். லேபிளைப் பார்த்துப் பட்டியல் போட முடியுமா? சினிமா இ.பி.யில் இருப்பது பெரும்பாலும் எங்காவது கிடைக்கும். 1963இல் வந்த எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாத எல்.பி. இருந்தால் கும்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், விற்க நினைக்காதீர்கள், எல்லோர் வீட்டிலும் இருப்பதற்கு யாரும் விலை தர மாட்டார்கள். 78 அப்படியில்லை. நாடகப் பாட்டு, ஹரிகதை, நாகஸ்வரம், சின்னச் சின்ன வித்வான்களின் மூன்று நிமிட ஆலாபனை, இவற்றில் பல வேறு எந்த வடிவத்துக்கும் மாறவே இல்லை. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் போய்விட்டார், பேசும்படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்கு இருப்பது இந்த அரக்குத் தட்டுகளால்தான். வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்து வைத்ததை ஏக்கம் என்று சொல்லிவிட முடியுமா?

தம்பிக்குப் பதில் இதுதான்: போனில் இருக்கும் பாட்டுக்கு பிளேயர் தேவையில்லை. போனில் இல்லாததற்குத் தேவை.

துடைக்கும்போது கவனம். 78 தட்டில் ஸ்பிரிட், ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரையும். டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மெல்லிய துணி போதும். லேபிளில் ஈரம் படாமல்.

கணக்குப்பிள்ளை (சென்னை)

தாளக்கட்டு டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். அது ஆவணம். அதற்கு நான் எதிரி இல்லை.

எனக்குப் பிரச்சினை புது வினைல்தான். டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து (மூலப் பதிவிலிருந்து) வெட்டிய தட்டை, அனலாக் வெதுவெதுப்பு என்று சொல்லி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். 2022இல் மொபைல் ஃபிடிலிட்டி என்ற தட்டு நிறுவனத்தின் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய விலை உயர்ந்த தட்டுகள் பலவற்றில் நடுவே டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் பதிவுக் கட்டம் ஒன்று இருந்தது வெளியே வந்தது. வழக்குப் போனது, நிறுவனம் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் வருடக்கணக்கில் அந்தத் தட்டுகளைக் கேட்டு, "டிஜிட்டலில் இப்படி வராது" என்று எழுதியவர்கள் நம்மிலும் உண்டு. காது கண்டுபிடிக்கவில்லை. நிறுவனத்தார் வாய் திறந்த பிறகுதான் தெரிந்தது.

சுழல்மேடை (பெங்களூரு)

அதே கதையை மறுபக்கம் படியுங்கள் சார். அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆக நன்றாக மாஸ்டர் செய்தால் வினைலிலும் நன்றாக இருக்கும், சி.டி.யிலும் இருக்கும். நம் ஊர் பழைய பாட்டுகளுக்கு நடந்தது என்ன? சி.டி.க்கு மாற்றும்போது இரைச்சலை நீக்குகிறேன் என்று தபேலாவின் விளிம்பையும் சேர்த்து நீக்கினார்கள், மோனோவுக்கு எக்கோ போட்டு ஸ்டீரியோ ஆக்கினார்கள். இன்று போனில் ஓடுவதில் பல அதுதான். என் 401இல் அறுபதுகளின் இ.பி. ஒன்று நன்றாக ஒலித்தால் அதற்குக் காரணம் வினைலின் மந்திரம் அல்ல, அதன்மேல் பின்னால் யாரும் கை வைக்கவில்லை என்பதுதான்.

கணக்குப்பிள்ளை (சென்னை)

இதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படியானால் ஒரு முறை நல்ல பிளேயரில் ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டால் முடிந்தது. தினமும் ஓட்டித் தேய்க்க வேண்டாம்.

சுழல்மேடை (பெங்களூரு)

அங்கேதான் நீங்களும் நானும் பிரிகிறோம். பதிந்த கோப்பு என்னிடமும் இருக்கிறது, நான் திறப்பதே இல்லை. தட்டு போட்டால் இருபது நிமிடம் உட்கார்கிறேன். இது ஒலியின் குணமல்ல, என் சோம்பலின் குணம் என்றாலும் சரி.

ரேடியோசெட் (உசிலம்பட்டி)

பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, இழைக்குச் சம்பந்தம் குறைவு என்றாலும். சந்தையில் பளபளவென்று இருப்பவை பெரும்பாலும் புதுக் குழாய், புதுப் பெட்டி, ஏதோ ஒரு பழைய மோட்டார், மேலே நாய்ப் படம் ஒட்டியது. கல்யாண மண்டப வாசலில் வைக்க வாடகைக்கு எடுக்கிறார்கள், அதற்குச் சரி. முப்பதுகளில் வீடுகளுக்கு வந்த ஹெச்.எம்.வி. 102 மாதிரிப் பெட்டிகளில் குழாய் வெளியே தெரியவே தெரியாது, உள்ளேயே மடித்து வைத்திருப்பான். நிஜப் பழசு அழகாக இருக்காது.

மாடிவீடு (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. ரேடியோசெட் அண்ணன் சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். பதில் எதிர்பாராதது. பாட்டு முக்கியமில்லையாம். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பெட்டியைத் திறந்து வைத்தால் அன்று கடைக்குப் போகமாட்டார் என்று அர்த்தமாம். பெட்டி கூடத்தில் திறந்திருந்தால் போதும், பாட்டு எதில் வந்தாலும் சரி என்கிறார்.

தாளக்கட்டு டீச்சர், 78 பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொலம்பியா, ஓடியன் லேபிள்கள் தெரிகின்றன, சிலதில் எழுத்து அழிந்திருக்கிறது. நாகஸ்வரம் நிறைய.

கேரார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுழல்மேடை வருத்தப்பட வேண்டாம், வேண்டுமானால் நீங்கள் அதை விற்பவரிடம் பேசிப் பாருங்கள், எண் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். புதிதாக ஆடியோ டெக்னிகா எல்.பி.120எக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று வேகமும் உண்டு. 78க்கு அதிலேயே வரும் ஊசி போதுமா?

ஊசிமுனை (கோயம்புத்தூர்)

நல்ல தேர்வு. டெக்னிக்ஸ் எம்.கே.2 பழசாக வாங்கியிருந்தால் உங்களுக்கு உதவியிருக்காது, அதில் 78 கிடையாது.

வரும் ஊசி போதாது, போடவும் கூடாது. 78 பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட ரொம்ப அகலம். எல்.பி. ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் படிக்கும். அந்தப் பிளேயரில் வருவது வி.எம்.95இ கார்ட்ரிட்ஜ். அதே உடம்பில் மாட்டும் 78 ஊசி எஸ்.பி. என்ற பெயரில் தனியாக வருகிறது. முன்னால் இழுத்தால் கழன்று வரும், மாட்டும்போது சொடக்கென்று உட்காரும். எடையை அந்த ஊசிக்குச் சொன்னபடி கூட்டிக்கொள்ளுங்கள், எல்.பி.க்குத் திரும்பும்போது மறக்காமல் 2 கிராமுக்குக் குறையுங்கள்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர் இருப்பது டீச்சருக்குப் பிடிக்கும். பழைய தட்டுகளில் சில சரியாக 78இல் பதிவானவை அல்ல.

தாளக்கட்டு (மயிலாப்பூர்)

ஆமாம், சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கட்டை சேரும்வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். நாகஸ்வரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. அந்தப் பட்டியலை அழிந்த லேபிள்களோடு சேர்த்தே போடுங்கள். நடுவே, ஓட்டும் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையில், பொறித்த எண் இருக்கும். அதை வைத்தே பலதை அடையாளம் காணலாம்.

மாடிவீடு (திருச்சி)

எண்கள் தெரிகின்றன டீச்சர், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். ஃபியஸ்டாவை மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வந்துவிட்டேன். ஊசி மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை கரண்ட் கொடுத்து விளக்காவது எரிகிறதா என்று பார்க்கலாமா?

ரேடியோசெட் (உசிலம்பட்டி)

நேராகச் செருகிவிடாதீர்கள் தம்பி. பரணில் கிடந்த பெட்டியில் வயரின் ரப்பர் பொடிந்திருக்கும், கண்டென்சர் காய்ந்திருக்கும். முதலில் வயரை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒருமுறை மினுக்கி மங்கினால் பிழைத்தது. பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்கிவிடுங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது, பழைய இழை பல்புதான் வேண்டும். கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் கடையில் இன்னும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது.